கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு ஒரு துப்பறியும் நாவலை மறுபடி படிப்பது எப்படி

அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’ நாவலை முதலில் கல்லூரி விடுதியில் ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். கடைசி அத்தியாயங்களில் உடம்பு சிலிர்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பல வருடம் கழித்து, அந்தச் சிலிர்ப்பு மறுபடி கிடைக்குமா என்று எடுத்தேன். நாற்பது பக்கம் தாண்டவில்லை. விடைதான் தெரியுமே, அப்புறம் எதற்கு என்று தோன்றிவிட்டது. அடுத்த முறை பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி வாங்கினேன். அது மாணவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பு என்பது பாதி படித்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது முறைதான் வழி பிடிபட்டது. அந்த ஒரு வாரம் வேலை முடிந்து எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது.

உங்களுக்கு அந்த இரண்டு வீண் முயற்சிகளும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நாவலை ஒரு முறைகூடப் படிக்காதவர்கள் முதல் நான்கு படிகளை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்தாவது படியில் கொலையாளி யார் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். இந்த நாவலின் முதல் வாசிப்பு ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். என் கட்டுரைக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

1. மறுவாசிப்புக்குத் தாங்கும் நாவலா என்று பாருங்கள்

எல்லாத் துப்பறியும் நாவலும் இரண்டாம் முறை படிக்கத் தாங்காது. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு புது ஆள், ஒரு பழைய கடிதம், யாருக்கும் தெரியாத ஓர் இரட்டைப் பிள்ளை என்று வந்து முடிச்சு அவிழ்ந்தால் அந்தப் புத்தகத்தைத் திரும்பப் படிப்பதில் பலன் குறைவு. திரும்பப் போய்ப் பார்த்தால் அங்கே எதுவும் இருக்காது.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. முடிவு தெரிந்ததும் உங்கள் கை தானாக முன்பக்கங்களைப் புரட்டியதா? “அந்த இடத்தில் என்ன எழுதியிருந்தது?” என்று தேடத் தோன்றியதா? தோன்றியிருந்தால் அது மறுபடி படிக்க வேண்டிய புத்தகம். 1926-இல் வந்த ஆக்ராய்ட் நாவலுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. முடித்த கையோடு நான்காம் அத்தியாயத்துக்கு ஓடாதவர்கள் அபூர்வம். அதனால் முதல் மறுவாசிப்புக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள். முறை பழகிவிட்டால் மற்ற புத்தகங்களுக்கும் இதே வழி உதவும்.

2. பிரதி: முழுப் பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள்

நான் ஏமாந்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுருக்கப் பதிப்புகளில் சம்பவங்கள் அப்படியே இருக்கும், கொலையாளியும் மாறமாட்டார். வாக்கியங்கள்தான் போய்விடும். முதல் வாசிப்புக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியாது. இரண்டாம் வாசிப்புக்கோ வாக்கியங்கள்தான் எல்லாமே. கடையில் நின்றபடியே மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். அத்தியாயங்கள் 27 இருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு ‘அப்பலோஜியா’ என்று இருக்க வேண்டும். நான்காம் அத்தியாயத்தின் பிற்பகுதியில், எட்டு நாற்பது, எட்டு ஐம்பது என்ற இரண்டு நேரங்களும் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். மூன்றும் இருந்தால், உள்ளே கொலை நடக்கும் வீட்டின் ஒரு பகுதிக்கான வரைபடமும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அதுவும் வேலைக்கு உதவும்.

தமிழ் மொழிபெயர்ப்பில் படிப்பதாக இருந்தாலும் இதே சோதனைதான். கூடவே இன்னொன்று: மொழிபெயர்ப்பாளர் ஒரு வாக்கியத்தைத் தெளிவாக்குகிறேன் என்று இரண்டு சொல் கூட்டிவிட்டால்கூட இந்த நாவலின் பூட்டு உடைந்துவிடும். ஆங்கிலம் ஓரளவு ஓடுமானால் ஆங்கிலத்திலேயே படியுங்கள். சிக்கலில்லாத நடை. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தோடு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

செலவு: புதிய தாள் அட்டைப் பதிப்பு பெரும்பாலும் 300, 400 ரூபாய்க்குள் கிடைக்கும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களுக்கு வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்கும் கீழே பார்க்கலாம், ஆனால் மேலே சொன்ன மூன்றையும் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். நூலகப் பிரதியும் சரிதான். அதில் பென்சில் படக்கூடாது, ஒட்டுத்தாள்தான் வைக்க வேண்டும். திருப்பித்தரும் தேதிக்குள் ஒரு வாரம் முழுசாகக் கிடைக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இந்த நாவலின் காப்புரிமை 2022 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. அங்கே அது பொதுச்சொத்து. இந்தியாவில் கணக்கு வேறு. இங்கே எழுத்தாளர் இறந்த வருடத்துக்கு அப்புறம் 60 வருடம். கிறிஸ்டி இறந்தது 1976-இல். ஆக, 2036 முடியும்வரை இங்கே உரிமை உண்டு. இலங்கையிலும் பிரிட்டனிலும் 70 வருடக் கணக்கு. முன்பின் தெரியாத தளங்களில் கிடைக்கும் கோப்புகளில் வேறு ஒரு தொல்லையும் இருக்கிறது. ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது எண்களும் நிறுத்தக்குறிகளும் பிசகும். இந்த நாவலில் ஒரே ஒரு நேரக் குறிப்பு பிசகினாலும் தலையும் வாலும் புரியாது.

3. எப்போது படிப்பது, எத்தனை நாளில் முடிப்பது

முதல் வாசிப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவே குறைந்தது இரண்டு வருடம் விடுங்கள். கொலையாளி நினைவில் இருக்க வேண்டும், மற்றவர்கள் மங்கியிருக்க வேண்டும். அந்த நிலைதான் நல்லது. வீட்டுப் பணிப்பெண் எதை மறைத்தாள், செயலாளருக்கு என்ன பிரச்சினை என்பதெல்லாம் மறந்திருந்தால் அவை ஒவ்வொன்றும் புதிதாகக் கிடைக்கும்.

ஒரே ராத்திரியில் முடிக்காதீர்கள். முதல் வாசிப்பில் கதை நம்மை இழுத்துக்கொண்டு போகும். இந்த முறை நாம்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஏழு நாள், தினமும் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ போதும். நான் பிரித்துக்கொண்டது இப்படி: முதல் நாள் 1 முதல் 3 வரை. இரண்டாம் நாள் 4, 5 மட்டும். மூன்றாம் நாள் 6 முதல் 12 வரை. நான்காம் நாள் 13 முதல் 16 வரை. ஐந்தாம் நாள் 17 மட்டும். ஆறாம் நாள் 18 முதல் 22 வரை. கடைசி நாள் மிச்சம். இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் ஏன் இவ்வளவு குறைவு என்பது கீழே வரும்.

4. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு மெல்லிய நோட்டு, ஒரு 2பி பென்சில், ஒரு நல்ல அழிரப்பர். மொத்தமும் ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும். பேனா வேண்டாம், காரணத்தைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

நோட்டில் மூன்று பகுதி பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் கொலை நடந்த இரவின் நேரங்கள்: யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் சொல்லி நமக்குத் தெரியும். இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் பகுதியில் ஒவ்வொருவரும் எதை மறைக்கிறார்கள் என்பது. மூன்றாம் பகுதியில், படிக்கும்போது உங்களை நிறுத்திவைத்த வாக்கியங்கள், பக்க எண்ணோடு.

5. முதல் ஐந்து அத்தியாயங்கள்

சரி, இங்கிருந்து திரை விலகுகிறது. கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்ட்தான் கொலையாளி. இதைத் தெரிந்துகொண்டு முதல் பக்கத்தைத் திறங்கள்.

கிங்ஸ் ஆபட் என்ற சின்ன ஊர். திருமதி ஃபெரர்ஸ் என்ற பணக்கார விதவை இரவில் இறந்துவிடுகிறார். காலையில் டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். உண்மையைச் சொன்னால் தான் வெகுவாகக் கலங்கிப்போயிருந்ததாக எழுதுகிறார். முதல் முறை படித்தபோது இளகிய மனசுக்காரர் என்று நினைத்தேன். இப்போது தெரியும், அந்த அம்மாளை மிரட்டிப் பணம் பறித்துக்கொண்டிருந்தவரே இவர்தான். பணம் நின்றுவிட்டது. சாவதற்கு முன் யாரிடம் என்ன சொன்னாரோ என்ற பயம் வேறு. கலக்கம் உண்மையான கலக்கம்தான். அதற்கான காரணத்தை நாமாக ஊகித்தோம், தப்பாக ஊகித்தோம். நோட்டின் மூன்றாம் பகுதியில் முதல் வரியாக இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் அத்தியாயத்தில், கொலையாகப்போகும் ஆக்ராய்டின் வீட்டில் இரவுச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு அவரும் டாக்டரும் படிப்பறையில் தனியாக உட்காருகிறார்கள். இறந்துபோன அம்மாளின் கடிதம் தபாலில் வருகிறது. மிரட்டியவன் பெயர் அதில் இருக்கிறது. அங்கே டாக்டர் எழுதுவது ஏறக்குறைய இப்படி: கடிதம் வந்தபோது எட்டு நாற்பது. நான் அவரை விட்டுக் கிளம்பியபோது சரியாக எட்டு ஐம்பது, கடிதம் இன்னும் படிக்கப்படவில்லை. கதவுக் கைப்பிடியில் கை வைத்தபடி தயங்கித் திரும்பிப் பார்த்தேன், செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று யோசித்தபடி.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பத்து நிமிடம் காணாமல் போயிருக்கிறது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆக்ராய்ட் அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை என்பது உண்மை. ஏன் படிக்கவில்லை என்பதை நாம் கேட்கவில்லை. நண்பரின் அறையை விட்டுப் போகத் தயங்கும் ஒருவரின் கரிசனமாக இருந்த அந்தத் திரும்பிப் பார்த்தல், இப்போது பிணம் கிடக்கும் அறையைச் சரிபார்க்கும் பார்வை. கடிதம் வந்ததற்கும் அவர் கிளம்பியதற்கும் நடுவில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் இருக்கும் வெள்ளை இடத்தில்தான் கொலை நடக்கிறது.

அடுத்து நோட்டின் முதல் பகுதி. எட்டு ஐம்பதுக்குக் கிளம்பியவர் வெளிவாசலைக் கடக்கும்போது தேவாலய மணி ஒன்பது அடிக்கிறது. வீட்டிலிருந்து வாசலுக்கு ஐந்து நிமிட நடை. மிச்ச ஐந்து நிமிடம் எங்கே? கண்ணுக்கு நேரே எழுதியிருக்கிறது, முதல் முறை நான் கழித்தல் கணக்குப் போடவில்லை. துப்பறிவாளர் புவாரோ போட்டார்.

ஐந்தாம் அத்தியாயத்தில் கதவை உடைத்து உடலைப் பார்க்கிறார்கள். பட்லரைப் போலீசுக்கு ஃபோன் செய்ய அனுப்பிவிட்டு, செய்ய வேண்டியிருந்த சொற்ப வேலையைச் செய்தேன் என்று ஒரே வரியில் டாக்டர் கடந்துபோகிறார். அந்தச் சொற்ப வேலை, டிக்டாஃபோன் என்ற குரல்பதிவுக் கருவியைத் தன் பையில் போட்டதும், அதை மறைத்திருந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளியதும். இரண்டாம் நாளுக்கு இரண்டே அத்தியாயம் வைத்ததற்குக் காரணம் இதுதான். நிதானமாகப் போகவில்லை என்றால் இந்த வரி மறுபடியும் நழுவிவிடும்.

6. நடுப்பகுதியில் அலுத்துப்போகாமல் இருக்க

பலரும் நடுவில்தான் விட்டுவிடுகிறார்கள். விசாரணை, மறுபடி விசாரணை, சந்தேகம் ஒவ்வொருவர் மீதாக நகர்கிறது. கொலையாளி தெரிந்த நமக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். அங்கே நோட்டின் இரண்டாம் பகுதி கைகொடுக்கும். அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று புவாரோ பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சொல்கிறார். அதை ஒரு பட்டியலாக்கி நிரப்பிக்கொண்டே போங்கள். ஆக்ராய்டின் சகோதரர் மகள் ஃப்ளோரா எடுத்த 40 பவுண்டு, பணிப்பெண் உர்சுலாவின் ரகசியக் கல்யாணம், வீட்டு நிர்வாகி மிஸ் ரஸ்ஸலின் மகன், செயலாளரின் கடன். எல்லாம் சின்னச் சின்ன மனித சங்கடங்கள். முதல் வாசிப்பில் தடயங்களாக மட்டும் தெரிந்தவர்கள் இப்போது பாவப்பட்ட மனிதர்களாகத் தெரிவார்கள். எனக்கு அது எதிர்பாராத பரிசு.

பதினாறாம் அத்தியாயத்தில் வரும் மா ஜாங் என்ற சீனக் காய் ஆட்டத்தை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். நாலு பேர் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிக்கொண்டே காய் எடுத்துப் போடுகிறார்கள். சும்மா சிரிப்புக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். ஆட்டத்தில் டாக்டருக்கு அபூர்வமான ஒரு கை வந்துவிடுகிறது. அந்தக் குஷியில், மீன் குளத்தில் புவாரோ கண்டெடுத்த மோதிரத்தைப் பற்றி எல்லார் முன்னிலையிலும் உளறிவிடுகிறார். இவ்வளவு பெரிய ரகசியத்தைக் கட்டிக் காப்பவருக்கு, மற்றவர்கள் வாய் பிளப்பதைப் பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. இந்தக் கதையை அவர் ஏன் எழுத உட்கார்ந்தார் என்பதற்கான பதில் எனக்கு அந்த மேசையில்தான் கிடைத்தது.

அப்புறம் பதினேழு. டாக்டர், அவருடைய அக்கா கரோலின், புவாரோ மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாதாரண மனிதனை எடுத்துக்கொள்வோம், கொலை எண்ணமே இல்லாதவன், ஆனால் உள்ளுக்குள் எங்கோ ஒரு பலவீனம் ஓடுகிறது என்று புவாரோ ஆரம்பிக்கிறார். பணத்தாசை, மிரட்டல், வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம், கத்தி என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. அதே அத்தியாயத்தில் அக்கா தம்பியின் பலவீனத்தைப் பற்றிப் பேசுகிறாள். சரியான வளர்ப்பு இல்லாமல் போயிருந்தால் நீ என்னென்ன வம்பில் மாட்டியிருப்பாயோ என்கிறாள். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் வெளியே போகாமலே தெரிந்துகொள்ளும் அக்கா. தன் வீட்டுக்குள் இருப்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் தம்பிக்குக் கடைசிவரை இருந்த பெரிய பயம். இந்த அத்தியாயத்துக்கு ஒரு நாள் முழுசாகக் கொடுங்கள். மூன்றாம் முறை படித்தபோது, கொலையைவிட இந்த அக்கா தம்பி பேச்சுதான் என்னை அதிகம் உலுக்கியது.

7. சிக்கக்கூடாத இடங்கள்

கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே திறக்காதீர்கள். அதில் டாக்டரே தன் எழுத்துத் திறமையை மெச்சிக்கொண்டு, எந்த வாக்கியத்தில் எதை மறைத்தார் என்று எடுத்துக்காட்டுகிறார். அந்த எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் நடுவே ஒரு வரிசை நட்சத்திரம் போட்டிருந்தால் யாராவது கவனித்திருப்பார்களா என்றும் கேட்கிறார். அதை விடைத்தாளாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டின் மூன்றாம் பகுதியை முதலில் நிரப்பிவிட்டு, அப்புறம் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் பென்சில் கோடு போட்ட இடமும் அவர் நட்சத்திரம் போட நினைத்த இடமும் ஒன்றாக இருந்தால் வரும் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

நடுவில் திரைவடிவம் எதையும் பார்க்காதீர்கள். இந்த நாவலின் வித்தை முழுக்க ‘நான்’ என்ற சொல்லில் இருக்கிறது. கேமரா வந்தால் அந்த ‘நான்’ போய்விடும். ஒலிநூலும் இந்த வாசிப்புக்கு ஒத்துவராது, பத்துப் பக்கம் பின்னால் போய் ஒரு நேரத்தைச் சரிபார்ப்பது கஷ்டம்.

8. புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள்

இது வாசிப்பின் கடைசிப் படி, விட்டுவிடாதீர்கள். படிக்காத ஒருவரைத் தேடிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அழிரப்பரோடு உட்கார்ந்து எல்லாக் கோடுகளையும் அழியுங்கள். அழுத்தி எழுதியிருந்தால் தடம் தெரியும், அதனால்தான் 2பி பென்சில் சொன்னேன். பின்னட்டையையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். சில பதிப்புகளின் முன்னுரை தேவைக்கு அதிகமாகச் சொல்லிவிடும், அந்தப் பக்கங்களுக்கு ஒரு கிளிப் போட்டுக் கொடுங்கள். மொத்தம் அரை மணி நேர வேலை.

நான் கொடுத்தது அண்ணன் மகளுக்கு. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஊஞ்சலில் படுத்துக்கொண்டு படித்தாள், நான் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறாள் என்பது பக்கத்தின் தடிமனைப் பார்த்தே தெரிந்தது. கதவுக் கைப்பிடி வரும் பக்கத்தை எப்போது திருப்புவாள் என்று காத்திருந்தேன். நிறுத்தாமல் திருப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, “அத்தை, இந்த டாக்டர் ரொம்ப நல்லவர் இல்ல?” என்றாள்.

“படி, படி” என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.